முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

தன் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் ஒருவர் பிரேக்கைப் பற்றி யோசிக்கத் தொடங்கியதும் அவர் கண்ணில் படுவது ஆறு பிஸ்டன் வைத்த சிவப்புக் கேலிப்பரும், சக்கரத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய டிஸ்க்கும்தான். பெயர்பெற்ற நிறுவனத்தின் செட்டை வாங்கினால் செலவு லட்சங்களில் போய் நிற்கும். அவ்வளவு பணம் இல்லாதவர் தடத்துக்குப் போகும் ஆசையையே தள்ளிவைக்கிறார். பணம் இருப்பவர் அதை மாட்டிக்கொண்டு போகிறார். பழைய பிரேக் ஆயிலோடு போனவராக இருந்தால் சில சுற்றுகளிலேயே பெடல் மெத்தென்று உள்ளே இறங்குவதைப் பார்க்கிறார். எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் காருக்குத் தடத்தில் வேண்டிய பிரேக் மேம்பாட்டில் பெரும்பகுதியை அந்தத் தொகையின் சிறு பங்கிலேயே செய்து முடிக்கலாம் என்பது என் வாதம். பணம் இல்லாதவருக்குச் சொல்லும் ஆறுதலாக இதை எழுதவில்லை. பிரேக் எங்கே தோற்கிறது, எதனால் தோற்கிறது என்று பார்த்து அந்த வரிசைப்படி செலவு செய்தால், விலை குறைந்த சாமான்களே வரிசையில் முன்னால் வந்து நிற்கின்றன.

மஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989ல் வெளிவந்த முதல் தலைமுறைக் கார், 1.6 லிட்டர் இன்ஜின், முன்சக்கரங்களில் 235 மில்லிமீட்டர் டிஸ்க். குறைந்த செலவில் தடத்தில் ஓட்ட நினைப்பவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் பல ஆண்டுகளாக நாடிவரும் கார் இது. கணக்குக்கு அதன் எடையை ஆயிரம் கிலோ என்று வைப்போம். மணிக்கு 160 கிலோமீட்டரில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் பத்து லட்சம் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. வளைவுக்காக வேகத்தை 80க்குக் குறைக்கிறார் ஓட்டுநர். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடுகிறது. ஆக முக்கால்வாசி, அதாவது ஏறக்குறைய 7.4 லட்சம் ஜூல், சில விநாடிகளுக்குள் வெப்பமாக மாறி டிஸ்க்குகளில் இறங்குகிறது. அதில் 70 சதவீதத்தை முன்பக்கம் ஏற்கிறது என்று கொண்டால், ஐந்து கிலோ எடையுள்ள இரும்பு டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரே மிதிப்பில் சுமார் 110 டிகிரி சூடேறும். ஒரு சுற்றில் இப்படி மூன்று நான்கு இடங்கள் வரும். முதல் வளைவின் சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுவதால் டிஸ்க்கின் வெப்பம் 500 டிகிரியைத் தாண்டுவது தடத்தில் சாதாரணம். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கும் வண்டிகளுக்கு நேர்வதும் இதுதான். சமவெளிச் சாலையில் எத்தனை வேகமாக ஓட்டினாலும் பிரேக்குக்கு இப்படியொரு சோதனை வருவதில்லை.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைத் தள்ளிவைக்க வேண்டும். பெரிய பிரேக் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். காரைக் கடைசியில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம். அதிவேகத்தில் பெடலை ஓங்கி மிதித்ததும் ஏபிஎஸ் துடிக்கிறது, அல்லது ஏபிஎஸ் இல்லாத காரில் சக்கரம் பூட்டிக்கொள்கிறது என்றால், டயர் தாங்குவதற்கு மேலான சக்தி உங்கள் பிரேக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் கேலிப்பரின் அளவைக் கூட்டி ஒரு மீட்டர் தூரத்தைக்கூடக் குறைக்க முடியாது. நல்ல டயரால் முடியும். முன்பக்கம் மட்டும் பெரிய பிஸ்டன்களைப் போட்டால் நிலைமை மோசமாகவும் கூடும். முன்சக்கரங்கள் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்பக்க பிரேக் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் நிற்கும், நிற்கும் தூரம் நீளும். பழைய மாஸ்டர் சிலிண்டரே அதிக ஆயிலைத் தள்ள வேண்டியிருப்பதால் பெடலும் முன்பைவிட ஆழமாக இறங்கும். காரை வடிவமைத்தவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து பங்கிட்டதை, கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகக் குலைத்துவிடக் கூடாது.

ஒரே மிதிப்பில் நிற்பதற்கு எந்தக் காரின் பிரேக்கும் போதும். பத்தாவது மிதிப்பிலும் அதேபோல் நிற்பதுதான் தடம் கேட்பது. அது நடக்காமல் போவது இரண்டு வகை. காலுக்கே தெளிவாகத் தெரியும் இந்த வேறுபாட்டை அறியாமல்தான் பலர் தவறான சாமானில் பணத்தைக் கொட்டுகிறார்கள். முதல் வகையில் பெடல் வழக்கம்போல் கெட்டியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் கார் வேகம் குறையாது. பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டி, டிஸ்க்கைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிட்டது என்று பொருள். இரண்டாம் வகையில் பெடல் மெத்தென்று ஆகி, தரைவரை இறங்கும். பேட், கேலிப்பர் பிஸ்டன் வழியாக வந்த சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கின்றன. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். காலின் அழுத்தம் பேடுக்குப் போய்ச் சேராமல் குமிழிகளைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. முதல் வகை கொஞ்சம் முன்னறிவிப்புத் தரும், சுற்றுக்குச் சுற்றுப் பிடி தளர்வது தெரியும். இரண்டாம் வகை நேர்த்தடத்தின் முடிவில் திடீரென்று வரும். அதனால்தான் என் வரிசையில் பேடுக்கும் முன்னால் ஆயிலை வைக்கிறேன்.

ஆயிலின் கணக்கு எளியது. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி; டாட் 4க்கு அது 230, டாட் 5.1க்கு 260. இந்த மூன்றும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுபவை. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்கும் குறைந்தபட்ச அளவு முறையே 140, 155, 180 டிகிரியாக இறங்கிவிடுகிறது. எப்போது மாற்றினோம் என்றே நினைவில்லாத ஆயிலோடு தடத்துக்குப் போகிறவர், எழுபது எண்பது டிகிரி பாதுகாப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார். சென்னைபோன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் மிகுதி என்பதால் இங்கே இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். நம் வெயிலால்தான் பிரேக் சூடாகிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். 500 டிகிரியில் இருக்கும் டிஸ்க்குக்குக் காற்று 20 டிகிரியா 38 டிகிரியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை, ஈரம்தான் நமக்குப் பகை. பந்தயத்துக்கென்று தயாராகும் ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். விலை சாதாரண ஆயிலைப்போல் சில மடங்கு என்றாலும், மாற்றி ஏர் எடுக்கும் கூலியோடு சேர்த்துக்கூட ஒரு டயர் விலையை எட்டாது. டாட் 5 என்ற சிலிக்கான் ஆயிலை மட்டும் தொடவே வேண்டாம். எண்ணைப் பார்த்து மேலானது என்று வாங்கிவிடுகிறார்கள். அது மற்றவற்றோடு கலக்காது, சூட்டில் கூடுதலாக அழுந்தி பெடலை மெத்தென்று ஆக்கும்.

அடுத்து பேட். சாலைக்கான பேட் குளிரிலேயே பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, சக்கரத்தில் கரி அப்பக் கூடாது என்று பல பேரைத் திருப்திப்படுத்த உருவாக்கப்பட்டது. 350, 400 டிகிரியைத் தாண்டினால் அது பெரும்பாலும் கைவிட்டுவிடும். தடத்துக்கான பேட் அந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிறது. அப்படியானால் அதையே எப்போதும் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர் உண்டு. கூடாது, இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. முழுப் பந்தயப் பேட் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பிய ஐந்தாவது நிமிடம் ஒரு குழந்தை சாலையில் ஓடி வந்தால் அந்தப் பேட் துரோகம் செய்யும். கிறீச்சிடும், டிஸ்க்கையும் அரிக்கும். தடத்தில் மட்டும் மாற்றிக்கொள்ளத் தனி செட் பேட் வைத்துக்கொள்வதுதான் முறை. பெரும்பாலான கார்களில் பழகியவருக்கு இது ஒரு மணி நேர வேலை. அதற்கு வழியில்லாதவர், சாலைக்கும் தடத்துக்கும் நடுவே நிற்கும் ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற பேடைப் போட்டுக்கொண்டு, தடத்தில் அதன் எல்லை எதுவென்று தெரிந்து ஓட்டலாம். எந்தப் பேடானாலும் புதிதாகப் போட்டதும் படிப்படியாகச் சூடேற்றிப் பதப்படுத்தி, ஆறவிட்டு, பிறகே முழு வேகத்துக்குப் போக வேண்டும். பாதிக்குமேல் தேய்ந்த பேடோடு தடத்துக்குப் போவதும் ஆபத்துதான். பேட் மெலிய மெலிய டிஸ்க்கின் சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சுலபமாகப் போய்ச் சேரும்.

இந்த இரண்டும் போதும் என்பதற்கு அமெரிக்காவில் ஆண்டுக்கணக்காக நடந்துவரும் ஸ்பெக் மியாட்டா பந்தயங்களைவிட நல்ல சான்று இல்லை. மியாட்டா என்பது எம்எக்ஸ்-5க்கு அங்கே வழங்கும் பெயர். கார்கள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் ஓடும் உண்மையான பந்தயம் அது. அதில் கேலிப்பரும் டிஸ்க்கும் தொழிற்சாலையில் வந்த அளவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி, பேடை மட்டும் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். பந்தயம் முழுக்கத் தாங்கும் பிரேக், கால் மணி நேரம், இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கும் நமக்குப் போதாது என்று சொல்ல முடியாது. அதற்கு மேலும் வேண்டும் என்பவருக்கு அந்தக் காரின் குடும்பத்துக்குள்ளேயே விடை இருக்கிறது. 1994 முதல் வந்த 1.8 லிட்டர் காரில் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டையும் டிஸ்க்கையும் பேடையும் அந்தக் காரிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் பழைய காரில் மாட்டிவிடலாம். கனமான தோசைக்கல் சூடேற நேரம் எடுப்பதுபோல், கனமான டிஸ்க்கும் அதே ஆற்றலுக்குக் குறைவாகச் சூடேறும். முன் பின் பங்கீடும் கெடாது. உடைத்து விற்கும் கடைகளில் கிடைக்கும் சாமான் என்பதால் செலவும் அடக்கம். வேறு கார் வைத்திருப்பவரும் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன், அதே மாடலின் சக்திகூடிய வகையில் என்ன பிரேக் வந்தது என்று பார்ப்பது நல்லது.

காற்று வசதியும் அதிகச் செலவில்லாத வேலை. பம்பரிலிருந்து ஒரு குழாயை இழுத்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுவிட வேண்டும், விளிம்புக்கு அல்ல. நடுவே துளையோடும் டிஸ்க் சுழலும்போது உட்புறமிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் அதன் இயல்பு. ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் பெடலைக் கெட்டியாக்கும், சூட்டைக் குறைக்காது. ரப்பர் ஹோஸ் பழசானால் மாற்றுங்கள், இல்லையென்றால் அவசரமில்லை. ஓட்டை போட்ட டிஸ்க்கைத் தடத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடும் சூட்டிலும் குளிர்விலும் ஓட்டைகளைச் சுற்றித்தான் விரிசல் விடும். சாதாரண டிஸ்க்கே மலிவு, அதுவே நீடிக்கும். எவ்வளவு சூடேறுகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். டிஸ்க்கின் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயிண்ட் கிடைக்கிறது. பச்சை 430 டிகிரியிலும் ஆரஞ்சு 560லும் சிவப்பு 610லும் நிறம் மாறும். ஒரு சுற்று ஓட்டம் முடிந்து பார்த்தால் உங்கள் பேட் அதன் எல்லைக்குள் இருந்ததா என்பது தெரிந்துவிடும்.

பெரிய பிரேக் யாருக்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1,600 கிலோ எடையுள்ள சக்திவாய்ந்த கார் 200 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால் வெளிப்படும் வெப்பம், மேலே போட்ட கணக்கைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத் சர்வதேசத் தடத்தின் நீண்ட நேர்த்தடத்தில் அப்படிப்பட்ட காரை ஓட்டுபவருக்கு, பெரிய டிஸ்க்கின் கூடுதல் இரும்பு உண்மையிலேயே தேவைப்படும். கோவை செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ ஆயிரம், ஆயிரத்து நூறு கிலோ காரை ஓட்டுபவருக்கு அது தேவைப்படும் நிலை வர நாளாகும். அந்த நாள் வந்தால் பெயிண்டின் நிறமே சொல்லிவிடும்.

இன்னும் ஒரு மறுப்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன்: உயிரைக் காக்கும் சாமானில் போய் சிக்கனம் பார்ப்பதா? குறைந்த செலவு என்று நான் சொல்வது தரம் குறைந்த சாமானை அல்ல. சந்தையில் பெரிய பெயர் பொறித்த போலிக் கேலிப்பர்களும் பேடுகளும் உலவுகின்றன. பாதி விலைக்குக் கிடைக்கும் ஆறு பிஸ்டன் செட்டைவிடத் தொழிற்சாலையில் போட்ட ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர் ஆயிரம் மடங்கு நம்பகமானது. 1962ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா சென்னை பாடியில் வளர்ந்த நிறுவனம். பிரேக் தயாரிப்பில் அறுபது ஆண்டு அனுபவம் உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு ஊர் பேர் தெரியாத பெட்டியை நம்ப வேண்டிய அவசியமில்லை. கேலிப்பரின் ரப்பர் சீல்கள் தடத்துச் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தால் அவற்றை மாற்றுங்கள், அதுவும் சிறிய செலவுதான். ஓட்டி முடிக்கும் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்க்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடான டிஸ்க்கில் அழுந்திக் கிடக்கும் பேட் அதில் படிந்துவிடும். பிரேக் ஆயிலையும் சீல் உடையாத பாட்டிலாக, பில்லோடு வாங்குங்கள். மாற்றியது போக மிஞ்சும் ஆயிலை அடுத்த முறைக்கென்று அலமாரியில் வைக்காதீர்கள். மூடி ஒருமுறை திறந்ததுமே அது ஈரத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும்.