தாலி முந்தியா, கார்டு முந்தியா?

மாதுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஊரில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு கடமை உண்டு. அமெரிக்காவில் குடியேறப் போகிறவர்களுக்கான விசா நேர்முகம் பெரும்பாலும் மும்பையில்தான் நடக்கிறது. கும்பகோணத்திலிருந்தோ கோவையிலிருந்தோ சித்தப்பா பேத்தி, மச்சினர் மருமகள் என்று யாராவது ஒரு கனத்த கோப்போடு தாதரில் வந்து இறங்குவார்கள். முன்பு பிரீச் கேண்டியில் இருந்த துணைத் தூதரகம் 2011 நவம்பரில் பாந்திரா குர்லா வளாகத்துக்குப் போய்விட்டதால், செம்பூர்க்காரர்களுக்கு அழைத்துப் போய்வருவது சுலபமாகிவிட்டது. ஆனால் அந்தக் கோப்பில் தவறு இருந்தால் அது பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன்பே நேர்ந்த தவறாக இருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வரன் பார்க்கும்போது நாம் நட்சத்திரம் கேட்கிறோம், கோத்திரம் கேட்கிறோம், சம்பளம் கேட்கிறோம். "பையன் அமெரிக்காவில் செட்டில் ஆகிவிட்டான்" என்று சம்பந்தி வீட்டார் சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். செட்டில் என்று ஒரு விசா கிடையாது. அவர் குடிமகனா, கிரீன் கார்டு பெற்றவரா, எச்-1 விசாவில் வேலை பார்ப்பவரா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுக்கும் நம் பெண்ணின் வாழ்க்கை மூன்று விதமாக அமையும்.

குடிமகனின் மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு இல்லை. கணவர் ஐ-130 என்ற மனுவைக் கொடுத்து, அது தேறி, தேசிய விசா மையம் வழியாக மும்பைக்கு வர எடுக்கும் காலம்தான் காத்திருப்பு. எச்-1 காரரின் மனைவி எச்-4 விசாவில் உடனே போகலாம். நடுவில் இருக்கும் கிரீன் கார்டுக்காரர்தான் விசேஷம். நிரந்தரமாக இருக்க உரிமை பெற்றவர் மனைவியைச் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது நேர்மாறு. அவருடைய மனைவி 'எஃப்-2ஏ' என்ற வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. 2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை அந்த வரிசையில் காத்திருப்பே இல்லாமல் இருந்தது. 2023 ஏப்ரலில் மறுபடி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விட்டது. மாதாமாதம் அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடும் விசா பட்டியலைப் பார்த்துத்தான் அன்றைய நிலை சொல்ல முடியும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் எட்டு மாதத்தில் போய்விட்டாள் என்பது கணக்கில் வராது.

இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. பையன் எச்-1 விசாவில் இருக்கிறார், கம்பெனி அவருக்குக் கிரீன் கார்டு மனுப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பினால் இந்தியர்களின் வரிசை மிக நீளம். பத்து வருடத்துக்கு மேல் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு வழியாக முறை நெருங்கும் நேரத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. "கார்டு கைக்கு வந்துவிடட்டும், அப்புறம் தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கேட்க விவேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்ணுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

கார்டு அனுமதியாகும் நாளில் கல்யாணம் ஆகியிருந்தால், மனைவிக்குக் கணவருடைய வரிசைத் தேதியே கிடைக்கும். அவள் அப்போது இந்தியாவில் இருந்தாலும் தனி வரிசையில்லாமல் பின்தொடர்ந்து போகலாம். தாலி ஒரு நாள் பிந்தினால் அந்த உரிமை போயிற்று. அவள் புதிதாக எஃப்-2ஏ வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். கணவர் இப்போது எச்-1 காரர் அல்ல என்பதால் எச்-4 விசாவும் கிடையாது. சுற்றுலா விசா கேட்டால், 'குடியேறப் போகிறவள்தானே' என்று மறுக்க நிறைய இடமுண்டு. அதை மறைத்துச் சுற்றுலா விசா வாங்கிப் போய் அங்கேயே தங்கிவிடுவது மோசடி என்ற கணக்கில் சேரும். பிறகு எந்த விசாவுக்கும் அது குறுக்கே நிற்கும். தை முகூர்த்தம் நன்றாக நடக்கும்; பிறகு அவர் அங்கே, இவள் இங்கே.

சரி, அவசரமாகப் பதிவு மட்டும் செய்துவிட்டு, சாஸ்திரோக்தமாகப் பிறகு நடத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கவனம் வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடக்கும் பதிவு, ஏற்கெனவே நடந்த கல்யாணத்துக்குச் சாட்சிதானே தவிர அதுவே கல்யாணம் ஆகாது. சடங்கே இல்லாமல் வாங்கிய சான்றிதழ் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே ஒரு கோயிலில் முறைப்படி தாலி கட்டி, பிறகு பதிவு செய்யுங்கள். பெரிய விருந்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் நடத்துவதானால் 1967-ல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவின்படி உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலும் மோதிரம் மாற்றினாலும் தாலி கட்டினாலும் போதும். அண்ணா காலத்தில் சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த சட்டம் இன்று அமெரிக்க மாப்பிள்ளைகளுக்கும் உதவுகிறது! சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவே கல்யாணம். ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. இரண்டு வார லீவில் வரும் பையனுக்கு அது ஒத்துவராது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களில் நம்மவர்களை மிகவும் படுத்துவது பெயர்தான். மற்றவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, நமக்கு இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ஆர். லட்சுமி, பாஸ்போர்ட்டில் லட்சுமி ராமநாதன், கல்யாணத்துக்குப் பின் பாங்கியில் லட்சுமி சுந்தர் என்று ஒரே பெண் மூன்று பேராக நிற்பாள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், விசாவில் அவள் பெயரே குடும்பப் பெயராகி, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.', அதாவது முதற்பெயர் தெரியாது என்று அச்சாகும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அமெரிக்க ஆவணங்களில் இப்படி ஆகிவிடுவதைப் பின்னால் திருத்துவது பெரும்பாடு. மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுவது உத்தமம்.

பிறப்புச் சான்றிதழில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் போட்டுப் பெயரே இல்லாமல் இருப்பது இன்னொன்று. முதலில் நகராட்சியில் பெயரைச் சேர்க்கப் பாருங்கள். பதிவே இல்லையென்றால், பதிவு இல்லை என்ற சான்றையும், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரத்தையும் தயார் செய்யுங்கள். போலீஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. அதை விரிக்க வேண்டியதில்லை.

நேர்முகத்தில் கல்யாணம் உண்மையானதா என்றுதான் பார்ப்பார்கள். பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், இருவரும் பழகியது பத்து நாள் என்றால் அது குற்றமல்ல. உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். ஆல்பத்தில் மணமக்கள் மட்டும் ஸ்டுடியோவில் நிற்கும் படங்களைவிட, இரு வீட்டாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படம் அதிகம் பேசும்.

எல்லாரும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடும் ஒரு தாள் ஐ-864. மனைவியை அரசின் உதவிக்கு விடாமல் நான் பராமரிக்கிறேன் என்று கணவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. வறுமைக் கோட்டு வருமானத்தில் 125 சதவீதமாவது அவர் சம்பாதிக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு தீராது. அவள் குடிமகள் ஆகும்வரை, அல்லது 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரை, அல்லது அந்த நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை அது உயிரோடு இருக்கும். அந்தப் பத்திரத்தைக் காட்டி அவள் வழக்கும் போடலாம். அதன் நகல் ஒன்று பெண்ணின் அப்பாவிடம் இருக்கட்டும்.

இனி முக்கியமான இரண்டு ஆண்டு விஷயம். பொய்க் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் ஒரு சட்டம் வந்தது. மனைவியாகக் குடியேறும் நாளில் கல்யாணம் ஆகி இரண்டு ஆண்டு நிறையவில்லையென்றால், இரண்டு வருடத்துக்கு மட்டும் செல்லும் நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடியும் முன் 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு ஐ-751 மனு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தஸ்து போய்விடும். கூட்டு பாங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வரிக் கணக்கு, குழந்தையின் பிறப்புச் சான்று இவையெல்லாம் அத்தாட்சி. ஆகவே போன முதல் மாதத்திலேயே பெண்ணின் பெயரைக் கணக்கில் சேர்க்கச் சொல்வது பேராசை அல்ல.

சட்டத்தின் நோக்கம் எதுவானாலும், சில வீடுகளில் அந்தக் கையெழுத்து ஓர் ஆயுதமாகிவிடுகிறது. "நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்று மிரட்டுகிற கணவன்மார் உண்டு. அடி வாங்கிக்கொண்டு தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று சொல்லும் பெண்களும் உண்டு. அந்த மிரட்டல் பொய் என்பது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். உண்மையாகக் கல்யாணம் செய்துகொண்டு விவாகரத்தில் முடிந்திருந்தாலோ, அடி, கொடுமைக்கு ஆளாகியிருந்தாலோ, அவள் தனியாகவே ஐ-751 கொடுக்கலாம். 90 நாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கார்டே இன்னும் வராத நிலையில், அங்கேயிருக்கும் குடிமகனோ கார்டுக்காரரோ கொடுமைப்படுத்தினால், 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கணவருக்குத் தெரியாமல் ஐ-360 மனுவைத் தானே கொடுக்கலாம். அதிகாரிகள் அவருக்கு அதைச் சொல்லக்கூடாது. எச்-1 காரரின் மனைவிக்கு இந்த மனு பொருந்தாது. அதனால்தான் மாப்பிள்ளையின் அந்தஸ்தை முதலிலேயே கேளுங்கள் என்றது.

"லீவுக்குப் போகலாம்" என்று அழைத்துவந்து, பாஸ்போர்ட்டையும் கார்டையும் எடுத்துக்கொண்டு அவர் மட்டும் திரும்பிவிடுவதும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் பிரதி பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். கார்டு தொலைந்தாலோ பறிபோனாலோ, வந்து ஓராண்டுக்குள் இருந்தால் தூதரகத்தில் ஐ-131ஏ மனுக் கொடுத்துப் பயண அனுமதி கேட்கலாம். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் பற்றிய புகார்களுக்கென்றே 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. மானத்துக்கு அஞ்சி ஓராண்டைக் கடத்திவிட்டால் திரும்பிப் போகும் வழி மிகவும் கடினமாகிவிடும்.

குடியுரிமைக்குக் கார்டு கிடைத்து ஐந்து ஆண்டுகள். கணவர் குடிமகனாக இருந்து மூன்று ஆண்டும் அவரோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் மூன்றே ஆண்டு. நிபந்தனைக் கார்டில் இருந்த காலமும் இதில் சேரும். மூன்று ஆண்டில் 18 மாதமாவது, ஐந்தில் 30 மாதமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் தொடர்ச்சி முறிந்ததா என்ற கேள்வி வரும், ஓராண்டானால் முறிந்ததுதான். 2025 அக்டோபர் 20 முதல் மனுச் செய்பவர்களுக்குப் பரீட்சையும் கொஞ்சம் கடினமாகியிருக்கிறது: 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். நம் பெண்களுக்கு இது ஒரு பொருட்டல்ல.

உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை நின்றுவிடும். நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொண்டு ஓ.சி.ஐ. அட்டைக்கு எழுத வேண்டும். அதை வைத்து வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்துபோகலாம், வீடு வாங்கலாம். ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. தஞ்சாவூரில் அப்பா பெயரில் இருக்கும் நஞ்சை அவளுக்குப் பாகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வயலை விலைக்கு வாங்கிச் சேர்ப்பது மட்டும் ஆகாது.