சவரன், பவுன்: 8 கிராமுக்கு ஏன் ரெண்டு பேர்?

தங்கம் விலைச் செய்தியில் 'சவரன்' என்று படிக்கிறோம். வீட்டில் 'பவுன்' என்கிறார்கள். ரெண்டும் ஒண்ணுதான்: 8 கிராம். ஆனால் முழுசா 10 கிராம் என்று வைக்காமல், ஏன் 8? காரணம், இங்கிலாந்தின் ஒரு பழைய தங்க நாணயம்.

சவரன்: ராஜா பெயர்

1489-ல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி பெரிய தங்க நாணயம் ஒன்றை வெளியிட ஆணையிட்டார். அதில் மன்னர் சிம்மாசனத்தில் அமர்ந்திருப்பார். ஆங்கிலத்தில் 'சாவரின்' என்றால் ஆட்சியாளர். அதுவே நாணயத்தின் பெயரானது. நம் வாயில் 'சவரன்' ஆனது.

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுபோன இந்த நாணயம், 1817-ல் சின்ன அளவில் திரும்பி வந்தது. 22 கேரட், எடை 7.988 கிராம். 1918-ல் பம்பாயிலும் சுமார் 13 லட்சம் சவரன்கள் அச்சடிக்கப்பட்டன.

பவுன்: எடையின் பெயர்

லத்தீனில் 'லிப்ரா போண்டோ' என்றால் ஒரு லிப்ரா எடை. 'போண்டோ'விலிருந்து வந்ததுதான் 'பவுண்டு'. பவுண்டு பணத்தின் குறியீடோ 'லிப்ரா'வின் முதல் எழுத்து. இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பவுண்டு எடை வெள்ளிக்கு 240 பென்னி என்று கணக்கு. அதனால் 240 பென்னி சேர்ந்தால் ஒரு பவுண்டு பணம்.

1817-ல் வந்த சவரனின் மதிப்பும் சரியாக ஒரு பவுண்டு. அதனால் அந்த நாணயத்தையே நம்மவர்கள் 'பவுன்' என்றார்கள். பிறகு நாணயம் புழக்கத்திலிருந்து போனது, 7.988 கிராம், 8 கிராமாக நின்றது. எடையாகத் தொடங்கி, பணமாகி, நாணயமாகி, தமிழில் மறுபடியும் எடையாகவே வந்து சேர்ந்த சொல் இது.

இதனால் நமக்கு என்ன?

அந்த நாணயம் எடை, தரம் இரண்டுக்குமே உத்தரவாதம். இன்றைய 'பவுன்' எடையை மட்டும்தான் சொல்கிறது. 22 கேரட் நகை ஒரு பவுன் வாங்கினால் அதில் சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம். 18 கேரட்டில் 6 கிராம்தான். ரெண்டுமே 'ஒரு பவுன்'தான்!

அதனால் "பவுன் என்ன விலை?" என்பது பாதிக் கேள்விதான். "எத்தனை கேரட்?" என்றும் கேளுங்கள். நகையில் பிஐஎஸ் முத்திரை, 916 அல்லது 750 என்ற தர எண், 6 இலக்க ஹெச்யூஐடி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.