வெயிலுக்கு வந்த கண்ணாடி

1995ஆம் ஆண்டு, பின்லாந்தின் நூட்டாயார்வி கிராமம். அங்குள்ள பழைய கண்ணாடிப் பட்டறையில் உருவான வண்ணக் கண்ணாடி உருவங்களை ஆற்றில் தூக்கி வீசினார் அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹூலி. உடைகின்றனவா, மிதக்கின்றனவா என்று பார்க்க ஆசை. மிதந்து சென்றவற்றை ஊர்ப் பிள்ளைகள் மரப்படகுகளில் போய் அள்ளிவந்தார்கள். படகு நிறையக் கண்ணாடி குவிந்திருந்த அந்தக் காட்சியிலிருந்தே அவருடைய படகுச் சிற்பங்கள் பிறந்தன. பிறகு 2001இல் சிகாகோவின் கார்ஃபீல்ட் பார்க் தாவர இல்லத்திலும், 2005இல் லண்டன் கியூ தோட்டத்திலும் செடிகொடிகளோடு அவர் கண்ணாடி நின்றது.

அலமாரிக்குள் பூட்டிவைக்கும் பொருள் வெட்டவெளியில் தாங்குமா? தாங்கும். வெயிலில் அதன் நிறம் வெளுக்காது. அது மேலே பூசிய சாயம் அல்ல; உருகிய குழம்பிலேயே கலந்த உலோகச் சேர்மம். நீலத்துக்குக் கோபால்ட் என்பதுபோல ஒவ்வொரு நிறத்துக்கும் ஒன்று உண்டு. மழையில் கண்ணாடி துருப்பிடிப்பதும் இல்லை.

அதன் உண்மையான பகை, சீரற்ற சூடு. குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் படீரென்று விரிசல் விடுவதைப் பார்த்திருப்போம். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சூடுபட்ட பகுதி விரிய, மற்றது விரியாமல் இழுத்துப் பிடிக்கிறது. ஊதி முடித்த உருவத்தை அப்படியே ஆறவிட்டாலும் இதே இறுக்கம் உள்ளே தங்கிவிடும். அதனால் சுமார் 500 டிகிரி செல்சியஸில் இருக்கும் தனி உலையில் வைத்து, பொறுமையாக ஆற்றுகிறார்கள். குளிர்நாடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: குழிவில் தேங்கிய நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

இவற்றை நட்டு நிறுத்துவதும் தனிக் கலை. சிஹூலியின் கண்ணாடிக் கோரைகள் ஆளுயரத்தையும் தாண்டும். உள்ளே குழலாக இருக்கும் அவற்றை, தரையில் ஊன்றிய கம்பியின்மேல் ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். கோபுரம்போல் எழும் பெரிய சிற்பங்களில் எஃகுச் சட்டமே எடையைச் சுமக்கிறது. நூற்றுக்கணக்கான துண்டுகளை அதில் கம்பியால் கட்டுகிறார்கள்.

இத்தனை பாடுபட்டு வெளியே கொண்டுவருவது ஏன் என்பதற்கு நியோடிமியம் என்னும் உலோகத்தின் சேர்மம் கலந்த கோரைகளே விடை. குழல்விளக்கின் கீழ் வெளிர்நீலமாகத் தெரியும் அவை, வெயில் பட்டதும் இளம் ஊதாவாக மாறுகின்றன. சாய்ந்து கிடக்கும் மரக்கட்டைகளிலிருந்து முளைத்ததுபோல் அவை நிற்கும்போது, மேகம் விலகும் ஒவ்வொரு முறையும் ஒளி உள்ளே இறங்கிச் சுடர்கிறது. கண்காட்சிக் கூடத்தின் விளக்கு நாள் முழுதும் ஒன்றுபோல்தான் எரியும். காலையில் பார்த்த கோரையை மாலையில் மறுபடி பார்க்கவைப்பது வெயில்தான்.