வெட்சூட்டா, டிரைசூட்டா? குளிர்ந்த தண்ணீரில் டைவிங் போகிறவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பொள்ளாச்சி, அவிநாசி பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மேலே தண்ணீர் வெதுவெதுன்னு இருக்கும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடிக்குப் போனா, ஒரு இடத்துக்குக் கீழே சட்டுன்னு ஜில்லுன்னு பிடிக்கும். மேல் தண்ணீர் வேற, அடித் தண்ணீர் வேற மாதிரி. டைவிங் பழகுகிறவர்கள் இதை 'தெர்மோக்ளைன்' என்கிறார்கள்.

கிணற்றில் என்றால் உடனே மேலே வந்து வெயிலில் காய்ந்துகொள்ளலாம். 4 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் இருக்கணும்னா என்ன செய்வது?

இந்தக் கேள்வி நமக்கு எதுக்குன்னு தோணலாம். கோவை, திருப்பூரில் இருந்து அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ போய் ஸ்கூபா பழகினால், தண்ணீர் பெரும்பாலும் 27, 28 டிகிரியில் இருக்கும். 3 மில்லிமீட்டர் வெட்சூட்டே போதும். டிரைசூட்டைக் கண்ணால் பார்க்காமலேயே சான்றிதழ் கைக்கு வந்துவிடும். பிறகு வேலை, படிப்பு என்று பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ போகும்போதுதான் சிக்கல். இங்கிலாந்தில் பல டைவிங் இடங்கள் தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரிகள், நம்ம ஊர் பாறைக்குழி மாதிரி. குளிர்காலத்தில் அங்கே தண்ணீர் ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கிவிடும்.

குளிர் அவ்வளவு ஆபத்தா?

காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். கடுங்குளிர் தண்ணீரில் பாதுகாப்பில்லாமல் விழுந்தால் முதல் ஒரு நிமிஷம் மூச்சு வாங்குவது நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பத்து நிமிஷத்துக்குள் விரல்கள் மரத்துப்போகும். வால்வைத் திருகணும், கொக்கியைக் கழட்டணும் என்றால் கை சொன்ன பேச்சு கேட்காது. இன்னொன்றும் உண்டு. அடியில் சூடாக இருந்துவிட்டு, மேலே ஏறும் நேரத்தில் உடம்பு குளிர்ந்தால், ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகும் 'டீகம்ப்ரஷன்' நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலி வெள்ளத்துக்குப் பிறகு, ரிஷிகங்கா மேலே சுமார் 14,000 அடி உயரத்தில் திடீர் ஏரி ஒன்று உருவானது. அதன் ஆழத்தை அளக்க, ஹெலிகாப்டரில் இருந்து கயிற்றில் இறக்கிவிடப்பட்டவர்கள் இந்தியக் கடற்படை டைவர்கள். கிட்டத்தட்ட உறைநிலையில் இருந்தது அந்தத் தண்ணீர். குளிர்நீர் வேலை நம்ம நாட்டிலும் இருக்கத்தான் செய்கிறது.

வெட்சூட் எப்படி வேலை செய்கிறது?

உள்ளே புகும் தண்ணீர் சூடாகி உடம்பைக் காப்பாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. சூட்டைத் தடுப்பது நியோபிரீன் ரப்பருக்குள் இருக்கும் குட்டிக் குட்டி வாயுக் குமிழிகள். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியா இயற்பியலாளர் ஹக் பிராட்னர் கண்டுபிடித்த சூட்சுமமே இதுதான். உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போய், புதுத் தண்ணீர் வராமல் இருந்தால் போதும். அதனால்தான் வெட்சூட் உடம்போடு ஒட்டி இருக்கணும். லூசாக இருந்தால் காசு தண்டம்.

இதன் பலவீனமும் அந்தக் குமிழிகள்தான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. குமிழி பாதியாகச் சுருங்கும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கீழே போகப் போகத் தண்ணீரும் குளிரும், சூட்டும் மெலியும். 7 மில்லிமீட்டர் என்று கடையில் வாங்கியது அடியில் 7 மில்லிமீட்டராக இருப்பதில்லை.

டிரைசூட்?

கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான சீல், தண்ணீர் புகாத ஜிப். உள்ளே இருப்பது காற்று மட்டும். ஆனால் பெரும்பாலான டிரைசூட்டுகளின் துணி தண்ணீரைத் தடுக்குமே தவிர, குளிரைத் தடுக்காது. அந்த வேலையைச் செய்வது உள்ளே போடும் தெர்மல் உடை. திருப்பூர்க்காரர்களுக்கு இங்கே பாடம் எடுக்கவே வேண்டாம். ஃப்ளீஸ், ஜிஎஸ்எம் கணக்குத்தான் இங்கேயும். 200 ஜிஎஸ்எம் லேசான குளிருக்கு, 400 ஜிஎஸ்எம் கடுங்குளிருக்கு என்று கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளே காட்டன் பனியன் கூடாது. வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாகவே இருந்து குளிரைக் கூட்டும்.

ஆழத்துக்குப் போகும்போது டிரைசூட் உடம்பை நெரிக்கும். சிலிண்டரில் இருந்து கொஞ்சம் காற்று விடணும். மேலே வரும்போது தோளில் உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்றணும். இது கைவராமல் தலைகீழானால் காற்று முழுக்கக் காலுக்குப் போய், ஆளையே பலூன் மாதிரி மேலே தூக்கிவிடும். வேகமாக மேலே வருவது டைவிங்கில் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். அங்கே டைவிங் செய்ய டிரைசூட் சான்றிதழோ, டிரைசூட்டில் இறங்கிய பதிவோ காட்டணும். அந்தமான் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டால், கரையோடு திரும்ப வேண்டியதுதான்.

அப்போ எதை எடுப்பது?

பொதுவாக 18 டிகிரிக்கு மேல் என்றால் வெட்சூட் போதும். 10-க்குக் கீழே என்றால் டிரைசூட்தான், இதில் பேரம் கிடையாது. இடைப்பட்டதில்தான் குழப்பம். ஒரே ஒரு தடவை, குறைந்த ஆழம், அரை மணி நேரம் என்றால் 7 மில்லிமீட்டர் வெட்சூட், ஹூட், கையுறையோடு சமாளிக்கலாம். ஒரு நாளில் இரண்டு, மூன்று தடவை இறங்குவதாக இருந்தால் டிரைசூட்டே மேல். ஏனென்றால் ஈர உடையோடு படகில் காற்றில் உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் ஆளைச் சாய்க்கும்.

விலையில் டிரைசூட் பல மடங்கு. ஓரிரு பயணத்துக்கு வாடகையே போதும். வாடகைக்கு எடுக்கும்போது கழுத்து சீலைப் போட்டுப் பாருங்க. கழுத்து ரத்தக் குழாயை அழுத்தி, தலை சுற்றுற மாதிரி இருந்தால் கூச்சப்படாமல் வேறு சைஸ் கேளுங்க.