மூன்றுசுழி 'ண'வும் தட்டைத்திரையின் காலக்கணக்கும்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், சத்தியமங்கலம் வட்டாரத்தின் எளிய குடும்பங்களுக்குள்ளும் தட்டைத்திரை நுழைந்தது. அக்காலத்து மடிக்கணினிகளிலும் 18.5 அங்குல மேசைத்திரைகளிலும் பெருவழக்காக இருந்த அளவு 1366 × 768. அதாவது, கிடையாக 1366 படப்புள்ளிகள் கொண்ட 768 வரிசைகள். இவ்வெண்ணிக்கை தயாரிப்பிலேயே நிலைபெற்றுவிடுவதால், கணினி வேறோர் அளவில் படத்தை அனுப்பும்போது திரை அதை இழுத்தோ சுருக்கியோ நிரப்பிக்கொள்ள, ஒரு புள்ளிக்குரிய ஒளி அண்டைப் புள்ளிகளிலும் கசிகிறது. சிறிய எழுத்தில் மூன்றுசுழி 'ண'வின் சுழிகள் ஒட்டிக்கொண்டு இரண்டுசுழி 'ன'வாகத் தோன்றுவதும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மங்குவதும் பெரும்பாலும் கண்ணின் குறையல்ல, இந்த அளவுப் பிசகே.

அளவோடு காலமும் பொருந்த வேண்டும். பவானிப் பாசன வயலில் ஒரு பாத்தி நிறைந்தபின் மடை மாற்றச் சற்று நேரம் பிடிப்பதுபோல, படத்தின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னும் ஓர் இடைவெளியும், கடைசி வரிசைக்குப் பின் நீண்ட இடைவெளியும் விடப்படுகின்றன. அடுத்த வரிசை எப்போது தொடங்கும் என்பதைத் திரைக்கு உணர்த்தும் ஒத்திசைவுத் துடிப்பு அவ்விடைவெளியில்தான் வருகிறது. பழைய குழாய்த்திரையில் எலக்ட்ரான் கற்றை மறுமுனைக்குத் திரும்புவதற்காக விடப்பட்ட நேரம் இது. கற்றையே இல்லாத தட்டைத்திரையிலும் மரபாகத் தொடர்கிறது. 1920 × 1080 திரைக்கு இடைவெளிகளையும் சேர்த்து 2200 × 1125 என்று கணக்கிட்டு, நொடிக்கு 60 படங்களால் பெருக்கினால் 14 கோடியே 85 லட்சம் வருகிறது, 148.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் புள்ளிக் கடிகார வேகம் இதுவே. இடைவெளியைக் குறைத்து 2080 × 1111 ஆக்கினால் ஏறத்தாழ 138.5 மெகாஹெர்ட்ஸே போதும்.

இவ்விவரங்களைத் திரையே 'ஈடிஐடி' என்னும் 128 பைட் குறிப்பில் வைத்திருந்து கணினிக்குத் தெரிவிக்கிறது. அக்குறிப்பின் சுருக்கப் பட்டியலில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுத முடியும். 1366ஐ எட்டால் வகுத்தால் ஆறு மிஞ்சுவதால், விரிவான காலக்கணக்கைப் படிக்கத் தவறும் கணினி 1360 அல்லது 1368 என்ற அண்டை அளவைக் காட்டிவிடுகிறது. சீடாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் 'எக்ஸ்ரேண்டர்' கட்டளையை இட்டால் அளவுகள் வரிசையாக வரும். அவற்றில் நடப்பு அளவின் அருகே உடுக்குறியும், திரை விரும்பும் அளவின் அருகே கூட்டல் குறியும் இருக்கும். இரண்டும் ஒரே வரியில் சேர்ந்திருந்தால் அமைப்பு சரி.

கூட்டல் குறியையே காணாவிடில், கையால் எண்களை எழுதத் தொடங்குமுன் கேபிளைப் பார்ப்பது நல்லது. விஜிஏ கேபிளில் ஈடிஐடி செய்தி செல்வது 12, 15 ஆகிய ஊசிகளின் வழியே. அவற்றில் ஒன்று வளைந்திருந்தாலும் திரை ஊமையாகிவிட, கணினி பெரும்பாலும் 1024 × 768 என்று தானாகவே ஊகித்துக்கொள்கிறது.