விமானத்தைக் கழுவியவர்கள்

1953 அக்டோபர் 15 அன்று தென் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், எமு ஃபீல்டில், பிரிட்டன் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. ‘டோட்டம் 1’ என்று பெயர். சுமார் 10 கிலோடன். மேகத்தின் மாதிரியைப் பிடிக்க ஆஸ்திரேலிய விமானப்படையின் லிங்கன் விமானங்கள் அதற்குள் பறந்தன. உள்ளே இருந்தவர்களிடம் கதிர்வீச்சு அளவி இல்லை. தரையிறங்கிய பிறகுதான் விமானங்களில் கதிரியக்கத் தூசி அப்பியிருப்பது தெரிந்தது. அதைக் கழுவும் வேலை ஆம்பர்லி தளத்துத் தரைப்பணியாளர் தலையில் விழுந்தது.

விமானியைப் பற்றிப் பேசுகிறோம், கழுவியவரை மறந்துவிடுகிறோம். சோப்புத் தண்ணீர் கதிரியக்கத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். இறக்கை விளிம்பிலும் எஞ்சினின் எண்ணெய்ப் பிசுக்கிலும் இருந்தது கழுவுபவரின் சட்டைக்கும் தரைக்கும் சாக்கடைக்கும் போகிறது. மூச்சில் போனால் இன்னும் மோசம்: மார்பில் குத்திய அளவி, உள்ளே போன தூசியைக் காட்டாது.

மலிவான பாதுகாப்பு, காத்திருப்பது. வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த கதிர்வீச்சு வீதம் 7 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகும். 49 மணி நேரத்தில் நூறில் ஒன்று. மேக மாதிரியைப் பிடித்த தாளுக்குத்தான் அவசரம், விமானத்தை இரண்டு நாள் ஓரமாக நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பிறகும் முகமூடி, கையுறை, மாற்றுடை வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் 90 பாதியாகக் குறையவே சுமார் 29 ஆண்டு ஆகும்.

பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வந்தால், ‘எவ்வளவு பட்டது? நிரூபி’ என்பார்கள். அளவியே தராதவர்கள் அளவைக் கேட்பது என்ன நியாயம்? இந்த முடிச்சை அவிழ்த்த சட்டங்கள் உண்டு. அமெரிக்காவின் 1988 சட்டப்படி, பட்டியலிட்ட புற்றுநோய் வந்த சோதனை வீரர், நோய்க்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. சோதனைக்கு நேரடியாக உதவிய விமானங்களில் செய்த பணியும் அங்கே பங்கேற்பாகவே கணக்கு. ரகசிய உறுதிமொழியால் வாய்மூடி இருந்த அமெரிக்க வீரர்களுக்கு 1996இல் அந்தக் கட்டு நீங்கியது. மருத்துவரிடம் தாராளமாகச் சொல்லலாம். ஆஸ்திரேலியா 2006இல் புற்றுநோய்ச் சிகிச்சையையும், 2017இல் எல்லா நோய்க்கும் சிகிச்சை தரும் ‘கோல்டு கார்டை’யும் தந்தது.

அமெரிக்காவின் 1990 கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம் 2024இல் காலாவதியாகி, 2025 ஜூலையில் உயிர்பெற்றது. சோதனைத் தளத்தில் பணியாற்றி, பட்டியலிட்ட நோய் வந்தவருக்கு 1,00,000 டாலர். அவர் இறந்திருந்தால் துணைவரோ பிள்ளைகளோ கேட்கலாம். பணிப்பதிவும் மருத்துவ அறிக்கையும் கையில் வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.