தானுந்து ரேடியேட்டர் விசிறி

ரேடியேட்டர் விசிறி என்பது தானுந்தின் முகப்பில் உள்ள வெப்பமாற்றிகளின் ஊடாகக் காற்றைச் செலுத்தும் விசிறி ஆகும். இயந்திரத்தைக் குளிர்விப்பதே இதன் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆனால் குளிர்சாதன வசதி கொண்ட வண்டிகளில் ஏசியும் இதே விசிறியையே நம்பியுள்ளது. இயந்திரம் சூடாகும் முன்னரே, ஏசியை இயக்கியவுடன் பல வண்டிகளில் விசிறி சுழலத் தொடங்குவது இதனாலேயே.

அமைப்பு

முகப்பு வலைக்குப் பின்னால் இரண்டு வெப்பமாற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளன. முன்னால் இருப்பது ஏசியின் கண்டென்சர், அதாவது ஒடுக்கி. பின்னால் இருப்பது ரேடியேட்டர். இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. வெயில் நாளில் ஒடுக்கியின் வெப்பநிலை ஏறத்தாழ 50 முதல் 60 °C வரை இருக்கும். ரேடியேட்டரில் ஓடும் நீர்மமோ 90 °C அளவில் இருக்கும். ஒடுக்கியைக் கடந்து சூடேறிய காற்றும் ரேடியேட்டரை விடக் குளிர்ந்ததே. ஆகவே அதனால் ரேடியேட்டரைக் குளிர்விக்க இயலும். வரிசையை மாற்றினால் ஒடுக்கி வேலை செய்யாது.

விசிறி பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் பின்னால் ஒரு நெகிழிக் கூட்டினுள் பொருத்தப்படுகின்றது. கூடு உடைந்திருந்தால் விசிறி, தகடுகளின் வழியே வெளிக்காற்றை இழுக்காமல், இயந்திர அறையின் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஏசியுடன் உள்ள தொடர்பு

கம்ப்ரசர் அமுக்கிய குளிர்பதன வளிமம் ஒடுக்கியில் வெப்பத்தை இழந்து நீர்மமாகின்றது. பயணிகள் அறையிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசர் செய்த வேலையும் இங்கேதான் வெளியேற வேண்டும். ஆர்-134ஏ என்னும் குளிர்பதனி 55 °C இல் நீர்மமாவதற்கு வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு அழுத்தம் தேவை. காற்றோட்டம் நின்றால் வெப்பநிலையும் அதனுடன் அழுத்தமும் ஏறும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அழுத்த உணரி கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே போதும் என்பதால், பல வண்டிகளின் கட்டுப்பாட்டகம் விசிறியை நிறுத்திவிடுகின்றது. போக்குவரத்துச் சமிக்ஞையில் வண்டி நிற்கும்போதே விசிறி இன்றியமையாதது.

கட்டுப்பாடு

12 வோல்ட்டில் 300 வாட் மோட்டார் 25 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். இதைச் சிறு ஆளிகள் தாங்கா. எனவே ரிலே பயன்படுகின்றது. இரு விசிறிகள் உள்ள சில வண்டிகளில், குறைந்த வேகத்திற்கு அவை தொடராக இணைக்கப்பட்டு ஒவ்வொன்றும் 6 வோல்ட் பெறுகின்றன. முழு வேகத்திற்குப் பக்க இணைப்புக்கு மாறுகின்றன. விசிறியின் திறன் தேவை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு திறனே போதும்.

அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் இயந்திரமே பட்டை மூலம் விசிறியைச் சுழற்றியது. இயந்திரம் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகச் சுழலும். அதிகம் தேவைப்படும் வேளையில் குறைவாக உழைப்பது அதன் பெருங்குறை. மாருதி 800 போல் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்ட வண்டிகளில் இயந்திர அச்சு பக்கவாட்டை நோக்குவதால் மின்விசிறியே வசதியானது.

பழுதின் அறிகுறிகள்

ஓடும்போது நன்கு குளிரும் ஏசி, வண்டி நின்றதும் வெப்பக் காற்றை வீசினால் முதலில் விசிறியை ஐயுற வேண்டும். வாயு குறைந்துவிட்டது எனக் கருதி நிரப்புவது வீண் செலவு. வெப்பநிலை முள்ளும் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழு அளவில் இயக்கலாம். ஹீட்டரின் வெப்பமாற்றி இரண்டாவது ரேடியேட்டராகச் செயல்படும். அப்படியும் முள் இறங்காவிடில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளிருக்கும் நீர்மம் அழுத்தத்தின் உதவியால் 100 °C க்கு மேலும் கொதிக்காமல் இருக்கின்றது. மூடி திறந்ததும் கொதித்துப் பீறிடும். சில வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் விசிறி திடீரெனச் சுழலலாம் என்பதால் அதனருகே கையைக் கொண்டுசெல்வதும் ஆபத்தானது.